ரொட்டிக்காரர் வரும் நாள்

எங்கள் மருத்துவமனையில் ஆபரேஷன் அறைகளுக்குப் போகும் நடையில், தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு வெளியே சுங்கை பட்டாணி ஊர். கோட்டுக்கு உள்ளே கிருமி இல்லாத உலகம். சுவரில் அப்படித்தான் மூன்று மொழியில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர் இஞ்ஞாசிமுத்து அண்ணன்.

அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவதும், மேசைக்குத் தூக்கி மாற்றுவதும், உள்ளே போகிறவர்களுக்குச் செருப்பும் தொப்பியும் எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு அவருடைய தயவு வேண்டும். மருந்து விற்க வருகிற டை கட்டிய ஆட்களை அவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

"ஷூவைக் கழட்டுங்க தம்பி. இது உங்க வீட்டு ஹால் இல்ல."

மருத்துவமனை முதலாளி டத்தோ விருந்தாளிகளோடு வந்து ஷூவைக் கழற்றாமல் உள்ளே நடந்தால் மட்டும் அண்ணன் சட்டென்று எழுந்து நிற்பார். எழுந்து, அந்தச் சிவப்புக் கோட்டைத் தன் காலால் மறைத்துக்கொள்வார். கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் யாரும் அதை மிதித்ததாக ஆகாது அல்லவா.

அந்தக் கோட்டைத் தினமும் துடைக்கிறவள் நான். பெயர் நவமணி. துப்புரவுக் குத்தகைக் கம்பெனியின் ஆள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பேச்சும் அதிகம் வராது. மாப்புக் குச்சியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நிற்கிறவள் இருக்கிறாளே என்று யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. இங்கே நான் எழுதுவது அப்படி நின்று பார்த்ததைத்தான்.

அண்ணனுக்கு உலகம் இரண்டே வகை. ஒன்று ஸ்டெரைல், இன்னொன்று ஸ்டெரைல் இல்லாதது. சாப்பாட்டுக் கடைக்குப் போனால் கதவை முழங்கையால் தள்ளுவார். மாதா கோவில் பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் கை நீட்டினால், இவர் தூரத்திலிருந்து கும்பிட்டுவிடுவார். ஒரு கல்யாண விருந்தில் சாம்பார் ஊற்ற வந்தவரிடம், "கரண்டி நுனியைத் தொடாதீங்க, அது ஸ்டெரைல்" என்றிருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய்க் கரண்டியையே வாளிக்குள் போட்டுவிட்டார்.

அவர் மனைவி ஜெனவீவ் அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: "சிடாம் கிரியில எங்க வீட்டுக்கு வந்து பாரு நவமணி. கோழிக்கூட்டுக்குப் போட்ட சிலிப்பரோடயே அடுப்பங்கரைக்கு வருவாரு. அங்க கோடும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

அண்ணன் ஏற்றுக்கொள்ளாத விதி ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் வயிற்று முடியைச் சவரக்கத்தியால் வழிப்பது அவர் வேலையாக இருந்தது. பிறகு, கத்தி தோலைக் கீறும், கீறலில் கிருமி குடியேறும் என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது தேவைப்பட்டால் மட்டும், அன்றைக்குக் காலையில் இங்கேயே மெஷினால் குட்டையாகக் கத்தரிப்பதோடு சரி. அண்ணனுக்கு அது பெரிய அவமானம். "மழமழன்னு வழிச்சாத்தான் சுத்தம். புல்லு வெட்டுற மாதிரி வெட்டுனா அது என்னா சுத்தம்?" என்று இன்றைக்கும் முணுமுணுப்பார்.

அண்ணனுடைய உண்மையான முக்கியத்துவம் செருப்பில் இல்லை, அவர் நாற்காலி லிஃப்டுக்கு எதிரே இருந்ததில்தான். கோலாலம்பூரிலிருந்து ஆடிட் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் அவர்களை முதலில் பார்ப்பவர் அண்ணன். உடனே சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்தி உள்ளே அறிவிப்பார்: "சிஸ்டர், ரொட்டிக்காரர் வந்துட்டாரு."

மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரர் ஆபரேஷன் அறைக்கு வரமாட்டார் என்று ஆடிட் ஆட்களுக்குத் தோன்றியதே இல்லை. அவர்கள் செருப்பு மாற்றித் தொப்பி மாட்டி முடிப்பதற்குள் உள்ளே எல்லாம் நடந்துவிடும். மயக்க மருந்து டாக்டரின் மூக்கு முகமூடிக்குள் திரும்பிப் போகும். பிரேமாவதி நர்ஸின் வளையல் கையைவிட்டு இறங்கும். காற்றுக்காகச் சிலிண்டரை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்த கதவு சாத்தப்படும். ஆபரேஷன் செய்யும் டாக்டர் சத்தியசீலனின் கைப்பேசி பாக்கெட்டிலிருந்து கையுறைப் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். கை கழுவும் தொட்டியில் அன்றைக்குத்தான் தண்ணீர், ஓட வேண்டிய நேரம் முழுவதும் ஓடும். வந்தவர்கள் பார்த்து மெச்சி, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதன் கண்ணாடியைத் துடைப்பதும் நான்தான்.

இவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் சத்தியசீலனின் கை நல்ல கை. பாக்கெட்டில் கைப்பேசி அடித்தால் யாராவது நர்ஸ் எடுத்து அவர் காதில் வைப்பார், பாதி நேரம் அது அவர் அம்மாவாக இருக்கும். இருந்தும் நோயாளிகள் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். தொந்தரவே அங்கேதான் ஆரம்பமாகிறது. ஒன்றும் ஆகாமல் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு விதியைக் கொஞ்சம் தேய்த்துவிடுகிறது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள், பெரிய உடம்புக்காரர் ஒருவரை மேசைக்கு மாற்றுகையில் அண்ணன் "அம்மாடி" என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குடலிறக்கம். டாக்டர் சத்தியசீலனே சோதித்துப் பார்த்தார்.

"ஒன்னும் பெருசா இல்லண்ணே. கொசுவலை மாதிரி ஒரு சின்னத் துண்டை உள்ள வச்சுத் தைக்கணும். ஸ்டாஃபுக்குக் காசு கிடையாது. அடுத்த வியாழக்கிழமை பண்ணிடலாம்."

"எங்க டாக்டர்?"

"எங்கயா? இங்கதான். நம்ம ஓ.டி.யிலதான்."

அண்ணன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். கோட்டில் யாரோ சேற்றுக் காலை வைத்ததுபோல் இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வேறெங்கோ வலை வைத்துத் தைத்துக்கொண்ட தஞ்சோங் டாவாய் மீனவர் ஒருவரைச் சில மாதங்களுக்கு முன் எங்களிடம் கொண்டுவந்தார்கள். புண்ணுக்குள் கிருமி புகுந்து, வலையையே பிய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அவரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அண்ணன்தான். அந்த வாடை போக நான் நடையை இரண்டாம் தடவையும் துடைக்க வேண்டியிருந்தது. அந்த மீனவருக்கும் இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய், அண்ணனுக்கும் அதே இனிப்புநீர்.

டாக்டர் நாள் குறித்த அன்றிலிருந்து அண்ணன் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். லிஃப்டைப் பார்த்து உட்கார்ந்தவர் இப்போது உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்க முகம் வாடிப்போனது.

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று முயன்றும் பார்த்தார். நான் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், அன்னைக்கு உங்க போன்..."

"என்னண்ணே?"

"இல்ல, உங்க போன் புதுசா டாக்டர்? நல்லாருக்கு."

"ஆமாண்ணே, மக வாங்கிக் கொடுத்தா."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் கோட்டைக் காலால் மறைத்துப் பழகியவருக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மறுநாள் காலை பசியாறும் நேரத்தில் பிரேமாவதி நர்ஸிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் சொல்லாத. வியாழக்கிழமை கே.எல்.லேருந்து ஆடிட் வருதாம்."

"உங்களுக்கு யாருண்ணே சொன்னது?"

"சொன்ன ஆளச் சொல்லக்கூடாது."

மதியத்துக்குள் சமையற்கட்டு வரைக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன் நவமணி, நீ யாருகிட்ட பேசப் போற. வியாழக்கிழமை எந்த ரொட்டிக்காரனும் வரப் போறதில்ல. ஆனா எல்லாரும் கை கழுவுவாங்க."

அவர் முகத்தில் ஒரு பெருமை. ஆடிட்டையே தன் ஆபரேஷனுக்கு வாடகைக்கு எடுத்த பெருமை.

வியாழக்கிழமை காலை எங்கள் ஓ.டி.யைப் பார்த்திருக்க வேண்டும். மூக்குகள் எல்லாம் முகமூடிக்குள் இருந்தன. சிலிண்டர் சுவரோரம் ஒழுங்காக நின்றது. கதவுகள் சாத்தியிருந்தன. டாக்டர் சத்தியசீலன் நகத்தடி, விரலிடுக்கு, முழங்கை என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கைகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டும்படி நின்றார். பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. பிரேமாவதி விரித்த பச்சைத் துணிக்குப் பக்கத்தில் ஒரு ஈகூடப் போக முடியாது.

அண்ணனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். கோட்டருகே வந்ததும் அவர் தலையைத் தூக்கிக் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். சொர்க்கத்தைப் பார்த்தவர் மாதிரி சிரித்தார்.

"ரொட்டிக்காரர் கீழ வந்துட்டாராம், சீக்கிரம், சீக்கிரம்" என்று படுத்தபடியே எல்லாரையும் விரட்டினார்.

அப்போது சம்சியா சிஸ்டர் வந்தார். ஓ.டி.க்குத் தலைமை அவர்தான். ஜாலான் பாசாரில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கண்டிப்பானவர்தான், ஆனால் வேலை நெருக்கினால் "தாக் அப்பா லா", பரவாயில்லை என்று விட்டுவிடுகிறவர். அன்றைக்கு ஆடிட் நாள் என்பதால் எல்லாவற்றையும் சட்டப்படி செய்தார். பெயர் கேட்டார். எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்டார். சாப்பிடாமல் வந்தாரா என்று கேட்டார். பிறகு தோலைப் பார்க்கப் போர்வையை விலக்கினார்.

விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அண்ணனின் வயிறு மஞ்சளேறி மின்னியது. நடுநடுவே சிவப்புச் சிவப்பாகக் கீறல்கள்.

"என்னண்ணே இது? ஆபரேஷனுக்கு வந்தீங்களா, நலங்குக்கு வந்தீங்களா?"

"சுத்தம் பண்ணிட்டுத்தான் வந்தேன் சிஸ்டர்" என்றார் அண்ணன். "இந்தச் சின்னப் பொண்ணுங்க கையால அங்கெல்லாம் மெஷின் போட எனக்குக் கூச்சமா இருந்துச்சு. வீட்டுலயே கத்தி போட்டு வழிச்சிட்டேன். கொஞ்சம் கீறிடுச்சு. கிருமி வரக்கூடாதுன்னு ஜெனவீவ் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் அரைச்சுப் பூசுனா."

பிரேமாவதிக்குச் சிரிப்பு வந்து முகமூடி ஆடியது. சிஸ்டர் சிரிக்கவில்லை.

"கீறின தோல்ல வலை வைக்க முடியாதுண்ணே. நீங்க இனிப்புநீர்க்காரர் வேற. கேஸைத் தள்ளிப் போடணும்."

"ஐயோ சிஸ்டர், சின்னக் கீறல்தானே? தாக் அப்பா லா."

"மத்த நாளா இருந்தா நானும் தாக் அப்பான்னு விட்டிருப்பேனோ என்னமோ. இன்னைக்கு ஆடிட்டுண்ணே. நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். "அந்த ஆடிட் இருக்கே சிஸ்டர்..."

"என்ன அந்த ஆடிட்?"

அந்த நிமிஷத்தில் அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் தெரிந்தது எனக்கு மட்டும்தான். ஆடிட் பொய் என்று சொன்னால் கேஸ் நடக்கலாம். ஆனால் அடுத்த நிமிஷம் கைப்பேசி பாக்கெட்டுக்குத் திரும்பும், மூக்கு வெளியே வரும், கதவு திறக்கும். சொல்லாவிட்டால் இத்தனை சுத்தமும் வீண், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் கண்ணாடி வழியாக டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கைகளைத் தூக்கியபடி, எதையும் தொடாமல், படத்தில் வரும் புனிதர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

"ஒன்னும் இல்ல சிஸ்டர். தள்ளிப் போடுங்க."

வெளியே ஜெனவீவ் அக்கா மெர்கோங்கிலிருந்து வந்திருந்த தன் தங்கையோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். போன வேகத்தில் வண்டி திரும்பி வந்ததைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"உன் மஞ்சள் முடிச்சிருச்சு" என்றார் அண்ணன்.

"என் மஞ்சளா? கத்திய எடுத்தது யாரு? ஊருக்கெல்லாம் ஸ்டெரைல் பாடம் நடத்துற வாத்தியாருக்குத் தன் வயித்த வழிக்கக்கூடாதுன்னு தெரியல. பேச வந்துட்டாரு!"

தங்கைக்காரி ஜெபமாலையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் எந்த ஆடிட்டும் வரவில்லை. சம்சியா சிஸ்டர் கோலாலம்பூருக்குப் போன் போட்டு, எப்போது வருகிறீர்கள் என்று நைசாகக் கேட்டிருக்கிறார். இந்த மாதம் கெடா மாநிலப் பக்கமே வரும் திட்டம் இல்லை என்றிருக்கிறார்கள். மறுநாள் சிஸ்டர் அண்ணனுடைய நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார். நான் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"யாருண்ணே உங்களுக்கு ஆடிட்னு சொன்னது?"

அண்ணன் செருப்பு அலமாரியைப் பார்த்தார்.

"நீங்களே கிளப்பி விட்டதா?"

அண்ணன் ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து நேராக அடுக்கினார்.

"எங்க எல்லாரையும் குரங்காட்டம் ஆட்டிப்புட்டீங்களே! காலையில ஆறு மணிக்கு வந்து அலமாரியெல்லாம் கழுவினேன். ஏன் இப்படிப் பண்ணுனீங்க? எங்க மேல நம்பிக்கை இல்லையா? எங்களை உங்களுக்கு இத்தனை வருஷமாத் தெரியும்!"

"தெரியும் சிஸ்டர்" என்றார் அண்ணன். "அதான் பயம்."

சிஸ்டர் அவர் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர், "கீறல் ஆறட்டும். கத்தியைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தோல் ஆறியது. சர்க்கரை குறைந்தது. இரண்டாம் முறை அண்ணனிடம் எந்தப் பொய்யும் மிச்சமில்லை. வார்டில் ஓர் ஆண் உதவியாளர் மெஷினால் கத்தரித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாராம். கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றைக் கழற்றச் சொன்னபோதும் பேசாமல் கழற்றி ஜெனவீவ் அக்காவிடம் கொடுத்தார். மற்ற நோயாளிகளின் கையிலிருந்து எத்தனையோ சாமிக் கயிறுகளை அவிழ்த்தவர் அவர். தன்னுடையதை மட்டும் முத்தமிட்டுவிட்டுக் கொடுத்தார்.

இந்தத் தடவை சாதாரண நாள். கதவுக்குச் சிலிண்டர் முட்டுக்கொடுத்திருந்தது. டாக்டர் பாக்கெட் வீங்கியிருந்தது. அண்ணன் வண்டியில் வரும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவருக்கு முழு மயக்கம் கிடையாது, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வதுதான். அதாவது கடைசி வரைக்கும் விழித்துக்கொண்டுதான் இருப்பார். ஊசி போட்டு மல்லாக்கப் படுக்க வைத்ததும் கூரையைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஜெபமா, வசவா தெரியவில்லை.

சம்சியா சிஸ்டர் அவர் தலைமாட்டில் வந்து நின்றார். அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சுவரோரம் போய், அண்ணன் குரல் வழக்கமாக வந்து கேட்கும் கருவியின் பொத்தானை அழுத்தினார். குரல் எல்லா அறையிலும் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. ரொட்டிக்காரர் வந்துட்டாரு. மேசை மேலயே படுத்திருக்காரு. கண்ண முழிச்சிக்கிட்டு இருக்காரு."

முதலில் பிரேமாவதி சிரித்தார். அடுத்து மயக்க மருந்து டாக்டர் சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கை உள்ளே தள்ளினார். கை கழுவும் தொட்டியிலிருந்து பாதியில் திரும்பிய டாக்டர் சத்தியசீலனும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்து, கைப்பேசியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதப் புடி நவமணி. அடிச்சா எடுக்காத."

திரும்பிப் போய் முதலிலிருந்து கை கழுவினார். நான் சிலிண்டரை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பச்சைத் துணி மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"பிரேமா, உன் முதுகு தட்டுக்குப் பக்கம் போகுது."

"போகலண்ணே."

"டாக்டர், இப்ப யாரோ கதவத் திறந்த மாதிரி இருந்துச்சு."

"இவரைத் தூங்க வைக்க முடியாதா?" என்று டாக்டர் சத்தியசீலன் மயக்க மருந்து டாக்டரைக் கெஞ்சினார்.

"வேணாம் டாக்டர், முழிச்சிருக்கட்டும்" என்றார் சம்சியா சிஸ்டர். "தூங்குனா நீங்க போனைத் தேடுவீங்க."

என் கையில் கைப்பேசி அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புண் காய்ந்து ஆறியது. சீழ் இல்லை, சிவப்பு இல்லை, வாடை இல்லை. அண்ணன் அதைப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் காட்டினார், ஆசைப்படாதவர்களுக்கும் காட்டினார். மருந்து விற்க வந்த தம்பி ஒருவர் ஷூவைக் கழற்றும்போது அண்ணன் தன் சட்டையைத் தூக்கிக் காட்டியதை நானே பார்த்தேன். இனி யாரையும் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நாற்காலி வேலை மட்டும்தான். நாற்காலி இப்போது பக்கவாட்டாக இருக்கிறது. லிஃப்டும் தெரியும், உள்ளேயும் தெரியும்.

போன வாரம் டத்தோ மூன்று விருந்தாளிகளோடு வந்தார். எல்லார் காலிலும் பளபளக்கும் ஷூ. அண்ணன் எழுந்து நின்றார். அவர் வாய் திறப்பாரோ என்று நான் மாப்பைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் வழக்கம்போலக் கோட்டைக் காலால் மறைத்துக்கொண்டார். ஷூக்கள் டக்டக்கென்று தாண்டிப் போயின.

பிறகு அண்ணன் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

"சிஸ்டர், ரொட்டிக்காரர் வந்துட்டாரு."

டத்தோ திரும்பிப் பார்த்தார். "எந்த ரொட்டிக்காரர்?"

"அது வேற டத்தோ. நீங்க போங்க."

உள்ளே குழாய்கள் திறந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் மாப்பை நனைத்துப் பிழிந்துகொண்டு, டத்தோவின் பின்னால் போனேன்.